மனைவியின் தலைக்கு ஒரு ஹெல்மெற்

ஒரு காரியத்தை நடக்கவிடாமல் செய்வதற்கு "முடியாது" என்று சொல்லத் தேவையில்லை. இன்னுமொரு நிபந்தனை போட்டால் போதும். கொழும்பில் ஒரு திணைக்களத்தின் கொள்வனவுப் பிரிவில் முப்பது வருடம் இருந்து நான் கற்ற கல்வியின் சாரம் இதுதான். மாதிரியை வரவழைப்போம், பரிசோதிப்போம், திருப்தியில்லை என்று எழுதுவோம், வேறு மாதிரி கேட்போம். கேட்டவர் இளைத்துப்போய்த் தானாகவே விலகிவிடுவார்.

ஆகவே கனடாவுக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு தை மாதம், பனிச்சறுக்கப் போவதாக என் மனைவி அறிவித்தபோது நான் மறுக்கவில்லை.

அவள் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். அந்தச் சமையலறை ஆட்கள் பனி கொட்டும் ஒவ்வொரு மாரியிலும் பஸ் பிடித்து, நகரத்துக்கு வடக்கே ஒரு மலைக்குச் சறுக்கப் போவார்கள். விரும்பினால் துணையையும் கூட்டிப் போகலாம். இவள் ஒருமுறையும் போனதில்லை. அந்த வருடம் ஐம்பத்தாறு வயதில் போகத்தான் வேண்டும் என்றாள்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாரிக்கு முன்னர், மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் கார் ஏறும் சரிவில் வழுக்கி விழுந்து பின்மண்டையை அடித்துக்கொண்டாள். இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். இனி அந்தத் தலையில் அடிபடக் கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். அடுத்த கிழமையே அவள் மறுபடி பனி வழிக்கும் சவளை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். என் இடுப்பிலிருந்த நாரிப்பிடிப்பு அந்த வேலையிலிருந்து எனக்கு விலக்கு வாங்கித் தந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, பத்து வரியமா இந்த ஸ்னோவை வழிச்சு வழிச்சுக் கொட்டுறன். ஒருக்கா அதிலை சறுக்கிப் பாத்தா என்ன குறைஞ்சுபோகும்?" என்றாள்.

"போம். ஆனா ஹெல்மெற் இல்லாமப் போகேலாது."

விட்பியிலிருந்த மகள் தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா, பெரிய ஆக்கள் ஒருத்தரும் உது போடுறேல்லை. சின்னப்பிள்ளையளுக்குத்தான் போட்டு விடுறவை."

"உன்ர அம்மாவின்ர தலை ஏற்கெனவே உடைஞ்ச தலை" என்றேன். மகள் தன் பனிக்கண்ணாடியை இரவல் தந்தாள். மூக்குக்கண்ணாடியின் மேலேயே போடக்கூடிய அகலமான வகை. ஹெல்மெற் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டாள்.

பெரிய ஆட்களுக்கான ஹெல்மெற் கிடைக்காது என்பதுதான் என் கணிப்பு. ஆனால் ஸ்டீல்ஸ் தெருவோரம் ஒரு பிளாசாவில், பல்வைத்தியருக்கும் மீன்கடைக்கும் நடுவே இருந்த விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள். சரி, பரிசோதனை இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த துண்டுப் பிரசுரத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். அந்தக் கடையின் வரலாற்றில் அதை வாசித்த முதல் ஆள் நானாக இருக்கலாம்.

மனைவி முதலில் எடுத்தது மிகப் பெரியது. உள்ளே கம்பளித் தொப்பியும் போட வேண்டுமாம்.

"தலையை ஆட்டும்" என்றேன்.

ஆட்டினாள். முகம் இடப்பக்கம் திரும்ப, ஹெல்மெற் நேரே பார்த்தபடி நின்றது. சரியான அளவென்றால் ஹெல்மெற்றை அசைக்கும்போது நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். உள்ளே தொப்பி போடக் கூடாது. வாசித்துக் காட்டினேன்.

"அப்ப குளிருமே?"

"உள்ளுக்கு மெத்தை இருக்குத்தானே."

இரண்டாவது அளவாக இருந்தது. முன்பக்கம் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, கன்னத்தில் இறுக்கம், தாடைக்குக் கீழே கட்டும் நாடிப் பட்டி எல்லாம் சரி. குழப்பம் பின்னால் இருந்தது. நான் கட்டிய நாளிலிருந்து அவள் பிடரியில் ஒரு கொண்டை வைத்திருக்கிறாள். ஹெல்மெற்றின் பின்விளிம்பு அந்தக் கொண்டையில் ஏறி உட்கார, முன்விளிம்பு இறங்கிப் பனிக்கண்ணாடியை மூக்கில் அமுக்கியது.

"மூச்சு விடேலாமக் கிடக்கு" என்று மூக்கால் பேசினாள்.

பின்னுக்குத் தள்ளினால் கண்ணாடிக்கும் ஹெல்மெற்றுக்கும் நடுவே நெற்றி திறந்து கிடந்தது. காற்று நேரே வந்து அடிக்கும் இடம் அது. கண்ணாடியும் கவசமும் விளிம்போடு விளிம்பு சேராவிட்டால் இரண்டும் தனித்தனியாக நல்லவையாக இருந்தும் பயனில்லை. எனக்கு உள்ளூரத் திருப்திதான்.

"சரிவராது போல கிடக்கு. வேறை கடையிலை, வேறை நாளைக்குப் பாப்பம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் திணைக்களக் கந்தோர் வசனங்களோடு அவளும் முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள்.

"இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்று ஹெல்மெற்றைக் கழற்றி என் கையில் தந்தாள். பிறகு கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, கடைக் கண்ணாடியின் முன்னால் தலைமயிரை அவிழ்த்து விட்டாள். வீட்டுக்கு ஆள் வந்தால்கூட அவிழ்ந்த கூந்தலோடு முன்னுக்கு வராதவள். ஹொக்கி மட்டை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பினார். அவள் அவசரப்படவில்லை. கழுத்தோடு ஒட்டினாற்போல் ஒற்றைப் பின்னலாகத் தட்டையாகப் பின்னி முடித்துவிட்டு, "இப்ப தாங்கோ" என்றாள்.

ஹெல்மெற் அச்சாக இருந்தது. பனிக்கண்ணாடியின் பஞ்சணை மட்டும் நெற்றிப் பொட்டில் ஏறி நின்றது. ஒட்டுப் பொட்டைக் கழற்றிக் கடைக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினாள். அது இன்னும் சில வருடம் அங்கேயே இருந்திருக்கக் கூடும்.

எனக்கு மிஞ்சியிருந்தது காற்றோட்டம் ஒன்றுதான். பனிக்கண்ணாடிக்குள் போகும் மூச்சின் ஈரம் அதன் மேல்விளிம்பால் வெளியேறி, ஹெல்மெற்றின் ஓட்டைகளால் மேலே போய்விட வேண்டும். போகாவிட்டால் கண்ணாடி புகைந்துவிடும். கண்ணாடியின் ஓட்டைகளும் ஹெல்மெற்றின் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன.

"ஓட்டை என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"காத்துப் போகத்தான்."

"குளிர் காத்தோ?"

"ஓம்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால், சொந்தமாக ஒரு தீர்வு கண்டுவிட்டார் என்று அர்த்தம். இதைத் திணைக்களத்தில் கவனிக்கத் தெரிந்த எனக்கு, மனைவியிடம் கவனிக்கத் தெரியவில்லை. காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறும்போதே ஹெல்மெற்றைப் போட்டிருந்தாள். அவளோடு பாத்திரம் கழுவும் மட்டக்களப்புப் பெண் கைதட்டிச் சிரித்தாள். "என்னண்ணன், அக்காவச் சந்திரனுக்கா அனுப்பப் போறீங்க?"

"அங்கை போனாலும் என்னை வழிச்சுக் கொட்டத்தான் விடுவார்" என்றாள் மனைவி. பஸ் முழுவதும் சிரித்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மலையடிவாரத்தில் புதியவர்களுக்கு ஒரு சிறு சரிவு இருந்தது. சமதரையில் நிற்கவும், சறுக்குப் பலகைகளின் முன்முனைகளைக் கூட்டி வேகத்தைக் குறைக்கவும் ஓர் இளம் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தார். அவள் நன்றாகவே செய்தாள். அரை மணித்தியாலம் போவதற்குள் பனிக்கண்ணாடி புகைந்துவிட்டது. கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி புகைந்தது. கண் தெரியாமல் மேலே ஏற்ற முடியாது, கொஞ்ச நேரம் உள்ளே போய் இருங்கள் என்று பயிற்றுநர் பணிவாகச் சொல்லிவிட்டு மற்றவர்களோடு போனார்.

நான் வேலிக்கு வெளியே ரப்பர் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நான் விரும்பியது நானாக ஒன்றும் செய்யாமலேயே நடந்துவிட்டிருந்தது. அவள் உள்ளே வந்து ஒரு சூடான கொக்கோ குடிப்பாள், வீட்டுக்குப் போவோம், தலை பத்திரமாக இருக்கும்.

அவள் வரவில்லை. ஈரக் கையுறையால் துடைத்துக் கண்ணாடியை இன்னும் மோசமாக்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, மின்சாரம் நின்ற வீட்டில் நெருப்புப்பெட்டி தேடுகிறவள்போல ஓரடி நகர்ந்தாள். பிறகு இன்னோரடி.

நான் வேலியைக் கடந்தேன். பரிசோதனையில் சித்தியென்று நான் எழுதிய பொருள் தோற்றால் காரணம் தெரியாமல் என்னால் இருக்க முடியாது. அப்படித்தான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கழுத்துச் சால்வையை மூக்கிலிருந்து இறக்கினேன். விளிம்புகளைத் தடவினேன். இடைவெளி இல்லை. பிறகு ஹெல்மெற்றின் மேலே விரலை வைத்தேன். ஓட்டை இருக்கவேண்டிய இடம் மெத்தென்று இருந்தது.

"உதென்ன?"

"பஞ்சு."

"எல்லா ஓட்டைக்கும் அடைச்சனீரோ?"

"பின்னை? பனி தலைக்குள்ளை இறங்கினாத் தடிமன் பிடிக்கும். பேந்து திங்கக்கிழமை ஆர் வேலைக்குப் போறது, நீங்களோ?"

"உதாலைதான் கண் தெரியேல்லை. பஞ்சை எடுக்க வேணும்."

"எடுத்தாக் குளிருமே."

"குளிரும்தான்."

"அப்ப என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டாள். வீடு வாங்கியபோதும், ஊரைவிட்டு வந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் வசனம் தயாராக இருந்தது. இப்போதும் இருந்தது. உள்ளே போய் இருப்பம் வாரும்.

"கண் தெரியக் குளிரோடை போகலாம். இல்லாட்டி உள்ளை வந்து இருக்கலாம். உம்மட விருப்பம்" என்றேன். என் சிபார்சு எழுதாமல் நான் மேலே அனுப்பிய முதல் கோப்பு அதுதான்.

அவள் கையுறையைக் கழற்றினாள். பஞ்சை இறுக்கித்தான் அடைத்திருந்தாள். நகத்தால் கிண்டிக் கிண்டி எடுத்து என் கோட்டுப் பையில் திணித்தாள். கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்தது. "ஐயோ, என்ன குளிர்" என்று சொல்லிக்கொண்டே ஆட்களை மேலே இழுத்துப் போகும் கயிற்றைப் பிடித்து ஏறினாள்.

இறங்கும்போது பெரிய உலைப்பானையை இரண்டு கையாலும் தூக்கி வருகிறவள்போல விறைத்து வந்தாள். பாதி வழியில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தாள். தலை பனியில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓடப் பார்த்தேன், நாரி விடவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் அவள் எழுந்து மிச்சத் தூரத்தையும் வந்து முடித்திருந்தாள்.

"தலை நோகுதோ?"

"தலையோ? குண்டிதான் நோகுது. தள்ளுங்கோ, ஆக்கள் வருகினம்." மறுபடி வரிசையில் போய் நின்றாள்.

ஞாயிறு மாலையே தடிமன் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, வரமாட்டேன் என்று அறிவித்தாள். பிறகு மகளுக்கு எடுத்து, அடைத்த குரலில் ஒரு மணித்தியாலம் பேசினாள். அவள் சொன்ன மலை நான் பார்த்ததைவிட உயரமாக இருந்தது. விழுந்த கதை அதில் வரவேயில்லை. நான் மல்லித்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, சவளை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். இரவு நல்ல பனி கொட்டியிருந்தது.