எங்களுக்காக நின்றவர்

அடையாறில் ஞாயிறுதோறும் நாங்கள் கரித்துண்டால் மனித உருவம் வரையப் பழகினோம். மாடலாக நின்றவர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண். ஒல்லியான உடம்பு, நீண்ட கழுத்து. வந்ததும் முகம் கழுவி, புதுப் பொட்டு வைத்துக்கொண்டுதான் நிற்பார். நிமிடத்துக்கு ஒரு போஸ்.

எங்கள் கண்காட்சிக்கு மகளை அழைத்து வந்தார். அவள் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கம்மா கீற?" என்றாள்.

"எல்லாமே நான்தான்."

"ஒண்ணுலயும் மூஞ்சி இல்லியே?"

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், இம்மாம் நாளா நிக்கிறேன். ஒருத்தருக்கும் என் மூஞ்சி தெரியலியா?"

"ஒரு நிமிஷத்துல முகம் வரைய நேரம் பத்தாதும்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். எல்லாப் போஸுக்கும் முதுகைக் காட்டியே நின்றார். நாங்கள் முதுகையே வரைந்தோம்.