பொன்னியம்மாள் குடித்த மோர்

குடுபல்லியில் கன்னையா என்று கேட்டால் யாரும் வழிகாட்ட மாட்டார்கள். கிளப்புக்காரர் என்று கேட்கவேண்டும். கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரத் துரைமார் கூடும் கிளப் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பீர் ஊற்றிக் கொடுத்தவர். சுரங்கத்தில் இறங்கி நெஞ்சு நிறையத் தூசி வாங்காமல், வெள்ளைச் சட்டையும் கறுப்பு பெல்ட்டுமாய் நின்றே பிழைத்துவிட்டார் என்று ஊரில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவார், ஒரு பகல் இருப்பார், போய்விடுவார். பெண்டாட்டி பொன்னியம்மாளோடு அவர் இருந்த நாள்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருஷம் தேறாது. இதெல்லாம் ஒரு குடித்தனமா என்று அவளைப் பெற்றவர்கள் கேட்டதுண்டு. அவள் கேட்டதில்லை.

சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனதும் துரைமார் மூட்டை கட்டினார்கள். கிளப்பின் பழைய சாமான்களை வேலைக்காரர்களுக்கே விட்டுவிட்டார்கள். ஒருத்தர் நாற்காலி எடுத்தார், ஒருத்தர் சுவர்க் கடிகாரம் எடுத்தார். கன்னையா எடுத்தது ஐஸ் பெட்டி. மாட்டுத்தொட்டி நீளம், வெளியே தேக்கு, உள்ளே துத்தநாகத் தகடு. கூடவே பீர் ஓடிய செப்புக்குழாய்ச் சுருளும், அதன் முனையில் திருகும் பித்தளைக் குழாயும்.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றாள் பொன்னியம்மாள்.

அவருக்கே தெரியவில்லை. சுருளைப் பரணில் போட்டார். பெட்டியில் அவள் மூன்று வருஷம் கேழ்வரகு கொட்டி வைத்தாள்.

அறுபதாம் வருஷத்துச் சித்திரை. திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று எல்லை தீர்ந்த சமயம். டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கன்னையாவின் காதில் அது எதுவும் ஏறவில்லை. பொன்னியம்மாளுக்குத் தொண்டையில் புற்று. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கேட்பதற்குக் குரல் எங்கே இருந்தது? கஞ்சி இறங்கவில்லை. வெதுவெதுப்பாய் எது பட்டாலும் துடித்துப்போவாள். சில்லென்று இருந்தால் மட்டும் ஒரு வாய் இறங்கும். அந்த வெயிலில் பானைத் தண்ணீர்கூடக் குளிரவில்லை.

நோயைவிட அவளை வதைத்தது இன்னொன்று. தன் வேலைக்குப் பிறத்தியாரைக் கூப்பிட்டுப் பழகாதவள், ஒரு வாய் தண்ணீருக்குக் கட்டிலைத் தட்டி ஆளை வரவழைக்கவேண்டியிருந்தது. ஒருநாள் தானே எட்டிப் பானையைச் சாய்க்கப் போய், தரையெல்லாம் கொட்டிவிட்டு, சத்தம் வராமல் அழுதாள். அதைக் கன்னையா வாசலில் நின்று பார்த்துவிட்டார். அவள் கையாலேயே அவள் எடுத்துக் குடிக்கவேண்டும், அதுவும் சில்லென்று. அதை மட்டுமாவது செய்துவிடவேண்டும் என்று முடிவு செய்தார்.

கேழ்வரகை மூட்டையில் அள்ளிவிட்டுப் பெட்டியின் முகப்பில் துளை போட்டுப் பித்தளைக் குழாயைப் பொருத்தினார். செப்புச் சுருளை உள்ளே கிடத்தினார். பரணில் ஒரு பால் கேனை வைத்து, ரப்பர் குழாயால் சுருளோடு சேர்த்தார். பங்காரப்பேட்டைக்குப் போய் ஐஸ் வாங்கி, மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றி, பாசஞ்சரில் கொண்டுவந்து சுருளைச் சுற்றிப் போட்டார். கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் குழாய் இருந்தது.

கிளப்புக்காரர் வீட்டில் பீர் பெட்டி கிளம்பிவிட்டது என்று ஊரில் ஒரே பேச்சு. மதுவிலக்கு ஜவான் சிட்டிபாபு தொப்பியோடு வந்து நின்றார்.

"ஏமுந்தி இந்துலோ?" உள்ளே என்ன இருக்கிறது என்று தெலுங்கில் அதட்டினார்.

அன்று ஓட்டம் பார்ப்பதற்காகக் கேனில் தண்ணீர்தான் ஊற்றியிருந்தார். கன்னையா ஒரு தம்ளர் பிடித்துக் கொடுத்தார். சிட்டிபாபு மோந்து பார்த்தார், குடித்தார், இன்னொரு தம்ளர் கேட்டார். "அப்பா, எந்த சல்லகா உந்தி!" என்று குளிர்ச்சியை மெச்சி வாயைத் துடைத்துக்கொண்டு போனார். சர்க்காரே குடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டது, இனி என்ன என்று கன்னையாவுக்குத் தெம்பு வந்தது.

பொன்னியம்மாளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை செங்கம்மா அடுத்த ஊரான குப்பத்திலிருந்து வந்திருந்தாள். அவள் கடைந்து கொடுத்த மோரைக் கன்னையா கேனில் ஊற்றினார். உள்ளே என்ன குழாய் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பொன்னியம்மாள் குழாயைத் திருகினாள். மோர் சில்லென்று தம்ளரில் இறங்கியது. கிளப்பில் யாருக்கு ஊற்றிக் கொடுத்தாலும் முதல் வாய் இறங்கி முகம் தெரிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார் கன்னையா. இங்கேயும் நின்றார். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை ஒருகணம் மூடினாள். பிறகு விழுங்கிவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். எந்தத் துரை தலையாட்டியும் அவருக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

ஐந்து நாள் குடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் நின்று பார்த்தார். நடுநடுவே வாந்தி எடுத்தாள். நோயின் கோளாறு என்று நினைத்தார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம், வேலை செய்து களைத்த செங்கம்மா தனக்கு அரைத் தம்ளர் பிடித்தாள். வாயில் வைத்தவள் முற்றத்துக்கு ஓடித் துப்பினாள். மிச்சத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பார்த்தாள். மோரில் பச்சைக் களிம்பு ஓடியிருந்தது.

"மாமா, உள்ள இன்னா கொழா?"

"செம்பு."

"ஐயோ, செம்புல மோர ஊத்துவாங்களா?"

"பீர் ஓடின கொழாதானே. யாருக்கும் ஒண்ணும் ஆவலியே."

பீர் ஓடிய காலத்தில் உள்ளே ஈயம் பூசியிருந்தது. அது எப்போதோ தேய்ந்து போயிருந்தது. ஈயம் போன பாத்திரத்தில் புளிப்பு வைக்கக்கூடாது என்று அந்த ஊரில் எட்டு வயசுப் பெண்ணுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சமையலில் சாப்பிட்ட மனிதருக்குத் தெரியவில்லை.

கட்டில் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியலியா?"

வருஷா வருஷம் பாத்திரத்துக்கு ஈயம் பூச எடுத்துப் போட்டவள் அவள். தெரியும் என்று மெதுவாகத் தலையை அசைத்தாள். போகட்டும் விடு என்பதுபோல் கையை ஆட்டினாள்.

கன்னையா சுருளைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். புது மோரைப் பீங்கான் ஜாடியில் ஊற்றி ஐஸில் வைத்து, கரண்டியால் எடுத்துப் புகட்டினார். அதற்குள் சில்லென்றதும் இறங்காமல் போயிருந்தது. ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். நோய்தான் கொண்டுபோனது என்று ஊரே சொன்னது. மோர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து செங்கம்மா ஊருக்குக் கிளம்பினாள். ஸ்டேஷன் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த கன்னையா, ரயிலுக்குக் காத்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மொத வாய்லியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? துப்பியிருக்கலாமே. எதுக்கு குட்ச்சா?"

செங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பொய் வரவில்லை.

"நீ எதிர்லியே நின்னு அவ மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தியே மாமா. எப்பிடித் துப்புவா?"

ரயில் வந்தது. அவளை ஏற்றி, மூட்டையையும் எடுத்துக் கொடுத்தார். வண்டி கிளம்பியதும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றும் இல்லாமல் வாய்விட்டு அழுதார்.