அக்கா சொன்ன முதல் 'முடியாதுங்க'

அக்காவின் ஆண்டு நினைவுக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தத் தம்பியின் வணக்கம். மற்ற பக்கங்களில் அக்காவின் பொறுமையைப் பற்றியும் கைமணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். பொறுமை உண்மை. கைமணம் கொஞ்சம் மிகை. அக்கா வைத்த ரசத்தைக் குடித்தவர்களுக்கு அது தெரியும். நான் எழுத வந்தது வேறு. அக்காவை அயல்நாட்டில், நூறு பேர் கூடிய கூட்டத்தின் முன்னால் தலைகுனிய வைத்தவன் நான். இத்தனை ஆண்டுகளாக நம் ஊரில் அக்காவுக்கும் எனக்கும் எங்கள் பட்டறையின் மூத்த ஃபிட்டர் சுலைமான் பாய்க்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. அதை மறைத்துவிட்டு அக்காவைப் புகழ்ந்து எழுதினால், அவர் என்னைச் சும்மா விடமாட்டார்.

அக்கா பிறந்தது பவானியில். அவருக்கு ஆறு வயதும் எனக்கு நான்கு வயதும் இருக்கும்போது அப்பா கோவை கணபதிக்கு வந்து லேத் பட்டறை வைத்தார். பிறகு அது பம்ப் செய்யும் பட்டறையானது. அக்கா கணிதம் படித்தார். ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டார். மாமா நான்கே ஆண்டுகளில் விபத்தில் போய்விட்டார். கைக்குழந்தையோடு அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அப்பாவும் போனபோது, ஒரு வாரம் அழுதார். எட்டாம் நாள் பட்டறைக்கு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். சேலை கட்டிக்கொண்டு பெண்பிள்ளை பட்டறை நடத்துவதா என்று பேசியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரையும் வாங்கியிருப்பீர்கள். அக்கா மறந்துவிட்டார். நான்தான் இன்னும் மறக்கவில்லை.

வெளிநாட்டுக்கு பம்ப் அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் ஆசை. முதன்முதலில் ஒரு கண்காட்சிக்காக டான்சானியா போய்விட்டு வந்தவர், இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கண்காட்சியில் எங்கள் கடைக்கு முன்னால் நின்ற ஒருவர், பம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தியாவா?" என்று கேட்டு, சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். முன்பு யாரோ நம் நாட்டு வியாபாரி பழைய மோட்டாருக்குப் பெயிண்ட் அடித்துப் புதிதென்று விற்றிருக்கிறார். இந்தியர்கள் எதைக் கேட்டாலும் சரி என்பார்கள், எதையும் செய்யமாட்டார்கள் என்பது அங்கே பேச்சாம். எனக்கு ரத்தம் கொதித்தது. நம்மைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. "நம்மளப் பத்தி அவங்க நெனைக்கறதுல பாதி தப்புங் கண்ணு. மீதிப் பாதிய நாமதான் சம்பாதிச்சிருக்கோம். தப்பா நெனைக்கறதப் போயி நாம திருத்த முடியாது. நாம சம்பாதிச்சதத்தான் திருத்தோணும்" என்றார். அயல்நாட்டில் நம் நாட்டின் பெயரை யார் காப்பாற்றுவது என்று கேட்டால், நாமெல்லாம் தூதரகத்தையும் மந்திரிகளையும் சொல்வோம். அக்கா மேட் இன் இந்தியா என்று எழுதிய எங்கள் மரப்பெட்டிகளைக் காட்டுவார்.

அடுத்த ஆண்டு அந்த நாட்டின் உட்பகுதியில் ஓர் ஆற்றோர ஊரின் விவசாயிகள் சங்கம் எங்களிடம் நாற்பது பம்ப் கேட்டது. சங்கத்தின் தலைவி நேமா என்ற அம்மையார். பெட்டிகள் கிளம்பும் முன்பு அவர் ஒருநாள், ஆங்கிலம் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு போன் செய்தார். அக்கா அப்போது ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் எடுத்தேன். "எங்கள் ஆற்றுத் தண்ணீரில் மணல் அதிகம். உங்கள் பம்ப் தாங்குமா?" என்று கேட்டார்.

தாங்காது. பம்ப் பற்றித் தெரிந்த யாருக்கும் அது தெரியும். தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, அதாவது இம்பெல்லரை, வேறு உலோகத்தில் வார்க்க வேண்டும். ஆனால் நான், "ஒன்றும் பிரச்சனை இல்லைங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. நம் பக்கத்து வளர்ப்பு அப்படி. தேடி வந்து கேட்பவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. "பாக்கலாமுங்க" என்போம், "செஞ்சுபோடலாமுங்க" என்போம். கேட்பவரும் நம் ஊர்க்காரர் என்றால், குரலின் இழுவையிலேயே ஆகுமா ஆகாதா என்று கண்டுகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு மனத்தாங்கல் இல்லாமல் போய்விடுவார். கடல் தாண்டி இருக்கும் நேமா அம்மையாருக்கு அந்த இழுவை எப்படிப் புரியும்? அவர் என் சொல்லை அப்படியே நம்பினார். நான் அக்காவிடம் அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை.

நாற்பதில் முப்பத்தொரு பம்ப் மூன்று வாரத்தில் நின்றுபோயின. செய்தி வந்ததும் அக்கா என்னிடம் காரணம் கேட்டார். "அவங்களுக்கு ஓட்டத் தெரியலீங்க்கா. தண்ணி இல்லாம ஓட்டியிருப்பாங்க" என்றேன். அக்கா என்னை நம்பி விமானம் ஏறினார்.

அந்த நாளை நான் எப்போதும் மறக்கப்போவதில்லை. எங்களுக்கு வார்ப்பு ஊற்றித் தரும் ஃபவுண்டரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நூறு பேரு இருக்காங்க. தண்ணி இல்லாம ஓட்டிட்டீங்கன்னு நான் இவங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். இந்தம்மா, மணலப் பத்தி முன்னாடியே கேட்டோம், பிரச்சனை இல்லைன்னு சொன்னாங்கங்கறாங்க. உன்னக் கேட்டாங்களா? ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

டீ கையில் சுட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் பழி அவர்கள் மேல் போய்விடும். அந்த அழைப்புக்கு எந்தப் பதிவும் இல்லை. ஆமாம் என்று சொன்னால், நூறு பேர் முன்னால் அக்கா பொய்யராகிவிடுவார். சுலைமான் பாய் வாசல்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "அக்கா... கொஞ்சம் விசாரிச்சுப்போட்டுக் கூப்படறனுங்களே."

மறுமுனையில் அக்கா, "போதுஞ் சாமி. தெரிஞ்சுபோச்சு" என்றார்.

போனை அவர் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் அவர் பேசுவதும், அந்தப் பள்ளி ஆசிரியர் அதை அவர்கள் மொழியில் சொல்வதும் எனக்குக் கேட்டன. "நீங்கள் கேட்டது உண்மை. என் தம்பி தவறாகச் சொல்லிவிட்டான். உங்கள் மேல் பழி போட்டதற்கு மன்னிக்க வேண்டும்" என்றார். வயதில் மூத்தவர், வாழ்க்கையில் யார் முன்னாலும் கைகட்டி நிற்காதவர், எனக்காக அங்கே நின்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் நேமா அம்மையாரின் குரல். வெங்காயப் பயிர் பத்து நாளைக்கு மேல் தாங்காது, பத்து நாளில் புதிய சக்கரம் வந்துவிடுமா என்று கேட்டார்.

நான் இங்கிருந்து, "செஞ்சுபோடலாமுன்னு சொல்லிருங்க்கா. எப்படியாவது பாத்துக்கலாம்" என்றேன். ஒருமுறை அடிபட்டும் என் நாக்குக்குப் புத்தி வரவில்லை.

அக்கா, "முடியாது. இருபது நாள் ஆகும்" என்றார்.

ஆசிரியர் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எழுந்த கூச்சலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. நாற்காலி விழும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துபோனது. அன்று முழுவதும் கூப்பிட்டுப் பார்த்தேன். அக்கா எடுக்கவே இல்லை. தெரியாத ஊரில், கோபத்தில் இருக்கும் கூட்டத்தின் நடுவே, தனியாக ஒரு பெண். அவருடைய மகள் அப்போது பள்ளிப் பிள்ளை. "அம்மா எப்ப வருவாங்க மாமா?" என்று கேட்டபோது, மறுபடியும் போனை எடுத்து நம்பரை அழுத்தினேன்.

மறுநாள் மதியம்தான் அக்கா பேசினார். கடைசி பம்ப் ஓடும்வரை விமானம் ஏறமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டாராம். கோபம் அடங்கியதும் நேமா அம்மையாரே, "பத்து நாளில் வராது என்றால், இப்போது என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் வேலை நடந்திருக்கிறது. ஆற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, தண்ணீரை அதில் தேக்கி, மணல் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை எடுப்பது. ஓடுகிற ஒன்பது பம்பையும் முறைவைத்து வயல் வயலாக மாற்றுவது. "நானும் மம்பட்டி புடிச்சேன். நெகம் ரெண்டு போச்சு" என்றார். கையில் மண்ணோடு அவர் நின்றதை அங்கே யாரோ எடுத்த படம்தான் இந்த மலரின் அட்டையில் இருப்பது. தோட்டத்தில் எடுத்ததா என்று பலர் கேட்டீர்கள். அந்தத் தோட்டம் நம் ஊரில் இல்லை.

இங்கே எனக்கு இருபது நாள் கெடு. பதினான்காம் நாள் காலை, சுலைமான் பாய் ஒரு இம்பெல்லரைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வார்ப்பில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள். அந்த வார்ப்பில் வந்த பன்னிரண்டும் அப்படித்தான். பசை வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. ஆறு மாதம் ஓடும். அதற்குள் அக்கா ஊர் வந்து சேர்ந்திருப்பார். நான் கெடுவை நினைத்தேன். அங்கே விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களை நினைத்தேன்.

"அடைச்சுப்போடலாமுங்களா பாய்?" என்றேன்.

"அடைக்கலாமுங்க தம்பி. நல்லாவே அடைச்சுக் குடுப்பேன்" என்றார் அவர். "ஆனா அக்கா அங்க பிணையா உக்காந்திருக்காங்க. அத நெனச்சுட்டுச் சொல்லுங்க, செஞ்சுபோடறேன்."

போனை எடுத்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். "இருபது நாள்ல முடியாதுங்க்கா. வார்ப்பு கெட்டுப்போச்சு. இன்னொருக்கா ஊத்தோணும். இருவத்தி மூணு ஆகும்" என்றேன்.

அக்கா நீளமாக மூச்சு விட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இருவத்தி மூணுல நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். "செரி, இப்பவே போயி அவங்ககிட்டச் சொல்லிப்போடறேன். இந்த வார்த்தைய நீ முன்னாலயே சொல்லியிருந்தீன்னா எனக்கு நெகமாவது மிஞ்சியிருக்கும் கண்ணு" என்றார்.

இருபத்து மூன்றாம் நாள் சக்கரங்கள் போய்ச் சேர்ந்தன. பயிரில் ஒரு பங்கு போய்விட்டது, பெரும்பங்கு பிழைத்தது. நாற்பது பம்பும் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அடித்துவிடுவார் என்று பயந்தேன். பையை என் கையில் கொடுத்துவிட்டு, பசிக்கிறது என்றார். அந்தச் சங்கத்துக்கு இன்றுவரை நாங்கள்தான் பம்ப் அனுப்புகிறோம்.

இனி அக்காவின் கடைசி நாட்கள். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. பார்க்க வந்த எல்லோரும், "ஒண்ணும் ஆகாதுங்க, எந்திரிச்சு வந்துருவீங்க" என்றார்கள். அன்பினால் சொன்னதுதான். ஒருநாள் சாயங்காலம் அறையில் நான் மட்டும் இருந்தேன். தையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, டாக்டரு உன்றகிட்டச் சொல்லியிருப்பாரு. அம்மணி கல்யாணம் வரைக்கும் நான் இருப்பனா?"

ஐப்பசியைத் தாண்டுவதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெளியே ஓடிவிடலாமா என்று தோன்றியது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நூறு பேர் நடுவே நின்று என் பதிலுக்குக் காத்திருந்தவர் அவர்.

"முடியாதுங்க்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். கண்ணைத் திறந்து, "அப்ப நாளை முன்னாடி வெய்யி" என்றார். அடுத்த ஒன்பதாம் நாள், சாய்வு நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து, அக்கா மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணாரக் கண்டார். ஏன் இந்த அவசரம் என்று அன்று முகம் சுளித்தவர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும். ஒரு வாரம் கழித்து அக்கா போய்விட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், ஒன்பது நாளில் கல்யாணத்தை நடத்திக்கொடுத்த சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், அன்று முதல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத சுலைமான் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. காரியத்தன்று நேமா அம்மையார் ஆசிரியரை வைத்துக்கொண்டு போனில் பேசினார். பாதிக்கு மேல் அழுகைதான். இப்போது இந்தியாவிலிருந்து யார் விற்க வந்தாலும், உங்களால் முடியாதது எது என்பதை முதலில் சொல்லுங்கள் என்று கேட்கிறார்களாம். சொல்கிறவரிடம்தான் வாங்குகிறார்களாம்.

காரியத்துக்கு வந்துவிட்டுப் புறப்படும்போது உங்களில் பலர் என் கையைப் பிடித்து, "இனி அக்கா எடத்துல இருந்து நீங்கதான் பாத்துக்கோணும்" என்றீர்கள். நானும் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன். அக்காவிடமிருந்து ஒன்றாவது கற்றுக்கொண்டேன் என்று காட்ட, அதற்கான பதிலை இங்கே எழுதி முடிக்கிறேன்.

என்னால முடியாதுங்க.