பத்து வீட்டு அரிசியும் என் வீட்டு அடுப்பும்

நனைந்த கம்பளி வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும்... ஆட்டு மயிரும் தேயிலைச் சாறும் அடுப்புப் புகையும் கலந்த வாடை. வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில், மழை விட்டாச்சு என்று அந்த வாடைதான் முதலில் சொல்லும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபது வயது, கல்யாணமாகி ஆறு மாதம். அவருக்கு ஃபேக்டரியில் வேலை, எனக்குக் கொழுந்து எடுக்கிற வேலை. பத்து வீடுகள் ஒட்டியிருந்த லயத்தில் கடைசி வீடு எங்களுக்கு.

எங்களுடையது காதல் கல்யாணம். அவர் அந்த லயத்துக்காரர்களின் சாதி. நான், தங்களுக்குக் கீழே என்று அவர்கள் நினைத்த சாதி.

யாரும் சண்டைக்கு வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மலைச்சரிவில் வழுக்கினால் கை பிடித்துத் தூக்கினார்கள். ஆனால் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பேச்சியின் பிள்ளைக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தேன். பேச்சி சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். சாயங்காலம் அவள் வீட்டுக் கோழி அதைக் கொத்திக்கொண்டிருந்தது. அவரிடம்கூட நான் சொல்லவில்லை...

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு முன்னால் இருக்கிற மைதானத்தில் பத்து வீடும் சேர்ந்து சாப்பிடலாம், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்று. ஏற்பாடு செய்தது செல்லத்தாய் அக்கா. நாற்பது வயது, ஒல்லி உடம்பு, எங்கள் கூட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து கிள்ளுகிறவள்.

என்ன கொண்டுபோவது என்று மூன்று நாள் யோசித்தேன். முறுக்கா? கூடாது. கொழுக்கட்டை? அதுவும் கைபட்டதுதான். கடைசியில் வாழைப்பழம் என்று முடிவு செய்தேன். தோலை உரித்துத் தின்கிற பண்டம். அவர்களுக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை குழாயடியில் எல்லாரும் நின்றபோது செல்லத்தாய் அக்கா ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒரு வீட்டில் கப்பைக் கிழங்கு, ஒரு வீட்டில் மத்தி மீன் குழம்பு, ஒரு வீட்டில் ரசம், பேச்சி வீட்டில் துவையல். கோழிக் குழம்பு தன்னுடையது என்றாள் அக்கா. என் முறை வந்ததும் ஒரு தார் பழம் வாங்கி வருவதாகச் சொன்னேன்.

அவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பழம் என்னத்துக்கு? நீ சோறு ஆக்கிரு. வீட்டுக்கு ஒரு படி அரிசி உன்கிட்ட வந்துரும்."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை.

பழத்தைத் தொடாமல் போகலாம். துவையலை வேண்டாம் என்று சொல்லலாம். சோற்றை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் என்னத்தைச் சாப்பிடுவது? அக்கா தெரிந்துதான் சொன்னாள்.

பேச்சிதான் வாயைத் திறந்தாள். தன் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை, வீட்டிலிருந்தே தனியாகக் கொஞ்சம் சோறு கொண்டு வருவதாகச் சொன்னாள்.

"தாராளமாக் கொண்டா" என்றாள் அக்கா. "ஆனா அத்தன பேருக்கு முன்னால உக்காந்து தனியாத் திங்கணும். அதுக்கு மனசிருக்கான்னு பாத்துக்க."

குரலை உயர்த்தவே இல்லை. நடந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டு அரிசியும் வந்துவிட்டது. சில வீட்டிலிருந்து ரேஷன் சிவப்பரிசி, சில வீட்டிலிருந்து கீழே கம்பம் சந்தையிலிருந்து வாங்கி வந்த வெள்ளை அரிசி. இரண்டும் ஒன்றாக வேகாது. சிவப்பு வேகிறதற்குள் வெள்ளை கஞ்சியாகிவிடும். ஞாயிறு காலையில் வாசலில் கல் கூட்டி, அக்கா கொண்டுவந்த அண்டாவை ஏற்றினோம். சிவப்பை முதலில் போட்டு, அது பாதி வெந்த பிறகு வெள்ளையைப் போட்டேன். வடிக்கும்போது ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். அண்டாவின் மறுபக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தில் இலை போட்டாயிற்று. முதல் இலையில் அக்கா உட்கார்ந்தாள். என்னைத்தான் பரிமாறச் சொன்னாள். போட்டேன். குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சோறு முடிந்ததும் இலையை என் பக்கம் லேசாகத் தள்ளி, இன்னும் போடு என்று கையால் காட்டினாள்.

பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்...

பேச்சி தனிச்சோறு எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் என் சோற்றையும் வாங்கவில்லை. கப்பையும் மத்திக் குழம்புமாகச் சமாளித்தாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் மூன்று தடவை சோறு வாங்கினார், வயிறு சரியில்லாதவர்! ரசம் வந்தபோது பேச்சி கொஞ்ச நேரம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ஒரு கரண்டி போடச் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு, "லேசாக் கொழஞ்சு போச்சு" என்றாள்.

எந்த வீட்டுச் சமையலுக்கும் அவள் சொல்கிற குறைதான் அது. எனக்கும் சொன்னாள். அண்டாவைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் அழுதேன்.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டார் கடைசி வரை என் வாசலைத் தாண்டவில்லை. ஆனால் அடுத்த வாரமே பேச்சி என்னிடம் ஒரு கரண்டி புளிக்குழம்பு கேட்டு வந்தாள், கிண்ணத்தோடு.

இப்போது கோயம்புத்தூரில் மகள் வாங்கித் தந்த ஃபிளாட்டில் இருக்கிறேன். இங்கேயும் மொட்டைமாடியில் பார்ட்டி உண்டு. யார் என்ன கொண்டுவருவது என்று வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வரும். யார் கை பட்டது என்று யாரும் கேட்பதில்லை, பாதி கடையிலிருந்துதானே வருகிறது. போன தடவை, புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தின் பெயருக்கு நேராக மட்டும் 'பேப்பர் தட்டு' என்று போட்டிருந்தார்கள். ஃபிளாட்காரர்களின் மீட்டிங்கில் நான் எழுந்து, பிரியாணி அவங்க வீட்டிலேயே செய்யட்டுமே என்றேன்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. சொன்னவளுக்கு அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்காவது வயசாகிவிட்டது. மீட்டிங் முடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம். செல்லத்தாய் அக்கா மறுநாள் விடியும்போது அதே லயத்து ஆட்களோடு கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது.