செம்பருத்தி இலைக்கடியில்

1976 ஆகஸ்ட் 26, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் மழைமானியைப் பார்த்து நோட்டில் குறித்துவிட்டுத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். இரண்டரைக்கு வீடு திரும்பியபோது நல்ல வெயில். ஆனால் வாசல் செம்பருத்தியின் இலைக்கடியில் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி சிறகை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணிகளை உடனே எடுத்தேன். அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் எனக்கு எட்டு வயது. அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அரிசி கிடையாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் சாக்கு விரித்துக் காயவைத்த மரவள்ளி வில்லைகள்தாம் எங்கள் சாப்பாடு. நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். ஒரு மத்தியானம் அம்மா தேயிலைச் செடியொன்றின் இலையைத் திருப்பி, அடியில் ஒண்டியிருந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துவிட்டு, கிழங்கை அள்ளத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டு மேரி அத்தை சிரித்தார். "என்னாண்ணி, வானம் கண்ணாடியாட்டம் இருக்கு. பூச்சி வந்து காதுல சொல்லிச்சா?"

"சொல்லல மேரி. வேலைய முடிச்சிட்டுப் படுத்திருச்சு. உன் கிழங்கயும் அள்ளு."

அத்தை அசையவில்லை. அம்மா வாதாடவில்லை. எங்களுடையதை உள்ளே வைத்துவிட்டு, அத்தையின் கிழங்கையும் தானே அள்ளினார். கடைசிச் சாக்கு வாசற்படி தாண்டியதும் மழை கொட்டியது.

அத்தை தன் சாக்கைப் பிரித்துக் கிழங்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைக்கும் பூச்சியப் பாத்துச் சொல்லுங்கண்ணி" என்றார்.

இந்த வியாழக்கிழமையும் எங்கள் வாசலில் மூன்று மணிக்கு மழை வந்தது.

மறுநாள் காலை மழைமானியிடம் போகுமுன், செம்பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி பறந்துபோயிருந்தது. தைரியமாகத் துணியைக் கொடியில் போட்டேன்.