காற்று, தண்ணீர், அலை, பறவை, பொடிமீன்

நான்காம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விடுப்பில் தாம்பரம் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவர் என்னைத் தன் லுக்கவுட்டாக நியமித்தார். கப்பலை நடத்தும் அதிகாரிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அவர்தான் லுக்கவுட். சம்பளம் கிடையாது, மார்க் உண்டு என்றார் மாமா. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் மாமாவுக்குக் கண் பரிசோதனை இருந்தது. அதில் தேறினால்தான் மறுபடி கப்பல் ஏற முடியும். பிப்ரவரியில் அவருக்குக் கல்யாணம். பெண் வீட்டார் கப்பல்காரருக்குத்தான் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும், வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டதுதான். தெரியாதது ஒன்றுதான். மாமாவின் பார்வை ஒரு வருடமாகவே ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நேர் எதிரே இருப்பது மட்டும் அவருக்குத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் அதுவும் தெரியாது.

கடற்கரைக்குப் போய் மீன் பிடிக்கும் பழக்கம் மாமாவுக்கு மெக்சிகோவில் தொற்றியது. பசிபிக் கரையில் ஒரு துறைமுகத்தில் அவருடைய கப்பல் பழுதாகி வாரக்கணக்கில் நின்றிருக்கிறது. அந்த ஊரில் குளிர்காலம்தான் கரையிலிருந்து மீன் பிடிக்கச் சரியான காலம் என்பார். மழை இருக்காது. காலையில் காற்று படுத்துக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிமணல் தெரியும். முதுகில் சேவல் கொண்டை மாதிரி துடுப்பு வைத்த பெரிய மீன்கள், பொடிமீனைத் துரத்திக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். அவற்றைப் பிடிக்க இறாலோ புழுவோ வேண்டாம். முள்ளில் இறகும் ஜிகினாவும் கட்டிய பொய்மீன் ஒன்று போதும். அதற்கு எடையே இல்லாததால், தடித்த தூண்டில் கயிற்றைக் கழியால் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி வீசித்தான் தூரத்துக்கு அனுப்ப வேண்டும்.

அதே மாதங்களில் நம் கடல் நேர் எதிராக இருக்கும். வடகிழக்கு மழை அப்போதுதான் விட்டிருக்கும். முகத்துவாரம் வழியாக ஏரித் தண்ணீரெல்லாம் இறங்கி, கரையோரம் டீ நிறத்தில் கலங்கிக் கிடக்கும். வாடைக்காற்று முகத்தில் அறையும். இருந்தாலும் மாமா நம்பினார். எங்கள் கிறிஸ்துமஸ் மரத்தின் வெள்ளி ஜிகினாவை வெட்டியெடுத்துப் பொய்மீன் கட்டினார். கயிறு காலில் சுற்றாமலிருக்க, அம்மாவின் பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் டப்பை இடுப்பில் கட்டிக்கொண்டார். அரைக்கிலோ சங்கரா மீன் கடையிலேயே கிடைக்குமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

அப்பா சிறுசேரியில் வேலை பார்த்தார். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனால் இருட்டித்தான் திரும்புவார். நாங்கள் நன்றாக விடிந்த பிறகு ஸ்கூட்டரில் கிளம்புவோம். மீன் பிடிக்கிறவர்கள் விடியுமுன்பே போகமாட்டார்களா என்று நான் கேட்டதற்கு, லுக்கவுட்டுக்குத் தூக்கம் முக்கியம் என்று பதில் வந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் என்னை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்தி, ரோட்டையே பார், பார்த்ததையெல்லாம் மாமாவிடம் சொல், வாயை மூடாதே என்பாள். வீட்டில் எப்போதும் வாயை மூடச் சொல்லும் அம்மாவிடமிருந்து வந்த இந்த உத்தரவு எனக்குப் பிடித்திருந்தது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை கத்திக்கொண்டே போவேன். இடது பக்கம் லாரி. மாடு. ஸ்பீடு பிரேக்கர். சிக்னல், சிவப்பு. மாமா ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். தாமதமாகச் சொன்னால் குறைப்பார்.

கோவளத்தில் மணலில் இறங்கியதும் அறிக்கை. வரிசை மாறக் கூடாது. காற்று, தண்ணீர், அலை, பறவை, பொடிமீன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர் என்ன நிறம், அலை எங்கே உடைகிறது, பறவை எங்கே கூடுகிறது, பொடிமீன் எங்கே துள்ளுகிறது. இன்று மென்பொருள் சோதிக்கும் வேலையில் நான் எழுதும் பட்டியல்களுக்கெல்லாம் அதுதான் மூலம் என்று தோன்றுவதுண்டு.

கரையில் தன் படகருகே வலை பிரித்துக்கொண்டிருக்கும் போட்டுக்கார அண்ணாவுக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு.

"இன்னா சார், கடல சாட்டையால அடிச்சா மீனு பயந்து கரைக்கு வந்துருமா? தண்ணி கலங்கிக் கீது. பொங்கலுக்கு அப்பால வா."

பொங்கலுக்கு அப்புறம் நான் கடலிலேயே இருப்பேன் என்று மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீடு திரும்பியதும் அம்மா பையில் மீன் இருக்கிறதா என்று பார்க்கமாட்டாள். என்னைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துப்போய், தலை, முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கழுவுவாள். மணலைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

புது வருடத்துக்கு முந்தைய நாள் காலையில் வீட்டில் வேலை இருந்ததால் மத்தியானம்தான் போனோம். அன்றைக்கு என் அறிக்கை முதல்முறையாக நன்றாக இருந்தது. காற்று இல்லை. தண்ணீர் பச்சை. பறவைகள் வலது பக்கம், கற்களுக்கு மேலே, ஒரே கூச்சல். மாமா மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். வீச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வெயில் இறங்கிற்று, தண்ணீரின் பச்சை போய் ஈயம் போலாயிற்று. போகலாமா என்று நான் கேட்டபோது இன்னும் ஒரு வீச்சு என்றார். அதற்குப் பிறகும் பல வீச்சுகள். அப்போதுதான் கயிறு விறைத்தது.

மாமா பின்வாங்கிப் பின்வாங்கி இழுத்தார். நுரையோடு வந்து ஈர மணலில் விழுந்தது ஒரு பாறை மீன். வெள்ளித் தட்டு மாதிரி அவருடைய வலது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்து அடித்துக்கொண்டது. மாமா மண்டியிட்டு இடது பக்கம் தடவினார். அப்புறம் முன்னால் தடவினார். நான் கைதட்டிச் சிரித்தேன். போட்டுக்கார அண்ணாவும் சிரித்தார்.

"இன்னா சார், மீனோட கண்ணாமூச்சியா?"

மாமா நிமிரவில்லை.

"எங்க பாப்பா?" என்றார், தாழ்ந்த குரலில்.

"வலது பக்கம் மாமா. கால் கிட்டயே. உங்களுக்குப் பத்து மார்க் போச்சு."

அவர் சட்டென்று கையை வைக்க, மீன் துள்ளி, அதன் வாயிலிருந்த முள் அவருடைய உள்ளங்கையில் ஏறியது. போட்டுக்கார அண்ணா எழுந்து வந்தார். அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. முள்ளைத் திருகி எடுத்து, தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். பிறகு மாமாவின் முகத்துக்கு ஓரமாக விரலை நீட்டி மெல்ல ஆட்டினார். மாமா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி சாவியக் குடு சார்."

மாமா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் வழக்கம்போல முன்னால் நின்று லாரி என்றேன். "எனக்குத் தெரியுது பாப்பா, கம்முனு வா" என்றார் அண்ணா. மாம்பாக்கம் தாண்டும்வரை எனக்கு அவமானமாக இருந்தது. பின்னால் மாமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேட்டில் நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அண்ணா சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, அவருக்குக் கண்ணு தெர்ல. இந்தக் கொயந்தைய வச்சிக்கினு எப்டி வண்டி ஓட்டினாரோ. இனிமே அனுப்பாதீங்க."

அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும்பா," என்றாள். "சொன்னா கேக்கமாட்டான். தனியா வண்டிய எடுத்துட்டுப் போயிடுவான். பாப்பா முன்னாடி நின்னா மெதுவாப் போவான்னுதான்."

அண்ணா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். என்னால்தான் மாமா மெதுவாகப் போகிறார் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். வழியில் பட்ட அவமானம் எனக்கு அதோடு தீர்ந்தது.

ஜனவரியில் மாமா பரிசோதனைக்குப் போகவில்லை. நிச்சயதார்த்த மோதிரம் திரும்பி வந்தது. தூண்டில் கழி பரண்மேல் ஏறியது. இவையெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று மாலை அம்மா என்னைக் குழாயடியில் நிறுத்தினாள். வழக்கம்போலத் தலை, முழங்கை, முழங்கால். முடிந்தது என்று நான் நகர்ந்தபோது மறுபடி பிடித்து நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். காதுகளுக்குப் பின்னால் தடவினாள். தண்ணீர் சில்லென்றிருந்தது.

"மணல் எல்லாம் போயிடுச்சும்மா," என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.