காலையில் செய்த பிரவுசர்

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு அரசு இ-சேவை மையத்தில், அதை நடத்துபவரைப் பார்த்தேன். பேசும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்ப்பார். பழைய விண்டோஸ், அதில் புது பிரவுசர் எதுவும் ஓடாது. அந்தப் பழைய பிராசசருக்கு ஏற்றபடி அவரே மூல நிரலிலிருந்து ஒரு பிரவுசரைக் கம்பைல் செய்து உருவாக்கினார். கரண்ட் போகும், மறுபடி தொடங்குவார். ஐந்தாம் நாள் காலையில் முடிந்தது.

மகளின் கல்லூரிக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்த பெண்ணுக்கு முதலில் அதில் அரசுத் தளத்தைத் திறந்தார். ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்றது திரை.

“காலைலதான் செஞ்சேன். அதுக்குள்ள பழசாயிடுச்சாங்க?”

“புது கம்ப்யூட்டர் கேக்கலாமே?” என்றேன்.

“கேட்டேங்க. இதே சைட்ல அப்ளை பண்ணச் சொன்னாங்க.”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பும் ஜீப்புக்குப் போனாள். அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.